கடமைச் சாக்லேட்டின் தலைகீழ்க் கணக்கு

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், ஜப்பானின் முதன்மைப் பொருளியல் நாளிதழான நிக்கேயில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. வெளியிட்டது கோடைவா என்னும் சாக்லேட் நிறுவனத்தின் ஜப்பான் கிளை. காதலர் நாளுக்கு இரண்டே வாரங்கள் இருந்தன. அந்நாட்டில் சாக்லேட் விற்பனை உச்சத்தைத் தொடும் காலம் அது. அப்படியிருந்தும், ‘கிரி சோக்கோ’ கொடுக்கும் வழக்கத்தை ஜப்பான் கைவிடட்டும் என்றது விளம்பரம். காதலர் நாளை வெறுக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அந்நாள் விடுமுறையில் வந்துவிட்டால் உள்ளூர நிம்மதி அடையும் பெண்கள் இருக்கிறார்கள் என்றும் அது எழுதியது.

விற்பவரே வாங்கவேண்டாம் என்றது பெருஞ்செய்தியாயிற்று. விலையுயர்ந்த சாக்லேட் விற்கும் நிறுவனத்துக்கு மலிவுச் சாக்லேட்டின் விற்பனை குறைவதால் என்ன இழப்பு என்று நகைத்தவர்களும் உண்டு. ‘பார்த்தவுடனே கடமைக்குக் கொடுத்தது என்று தெரியும் சாக்லேட்’ எனத் தன் மலிவுச் சரக்கைத் தானே கேலியாக விளம்பரப்படுத்திவந்த யூராக்கு செய்க்கா நிறுவனம், அவரவர் வழி அவரவர்க்கு என்னும் பொருள்பட விடையிறுத்தது. ஊடகங்கள் இதை இரு வணிகர்களின் வாய்ச்சண்டையாகச் சுவைத்து மறந்தன. அந்த விளம்பரத்தின் சில வரிகள் மட்டும் போதிய கவனம் பெறவில்லை. அவ்வரிகள் பேசியது பெண்களிடம் அன்று, ஆண்களிடம். அதிலும் நிறுவனத் தலைவர்களிடம். கடமைச் சாக்லேட் வேண்டாம் என்று நீங்களே முதலில் உங்கள் பெண் பணியாளர்களிடம் சொல்லிவிடுங்கள் என்பதே அவ்வரிகளின் வேண்டுகோள். கொடுப்பவர் பெண், நிறுத்துவதற்கு வேண்டியிருந்ததோ முதலாளியின் சொல். கொடை என்றே பெயர்பெற்ற ஒன்றை நிறுத்த ஏன் மேலிடத்து அனுமதி வேண்டும்?

வழக்கத்தை அறியாதவர்க்குச் சுருக்கமாக: ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள். பெறுபவர் மார்ச் 14 அன்று, ‘வெள்ளை நாள்’ என்று பெயரிட்ட நாளில், எதிர்க்கொடை தரவேண்டும். பெண் தரும் சாக்லேட் இரு வகைப்படும். மனம் விரும்பியவனுக்குத் தருவது ‘ஹொன்மெய்’. குதிரைப் பந்தயத்தில் வெல்லும் என்று பெரும்பாலோர் பணம் கட்டும் குதிரைக்கும் இதுவே பெயர். மேலதிகாரி, உடன் பணிபுரிவோர் முதலியோர்க்குத் தருவது கிரி. (தமிழ்ச் செவிக்கு மலை நினைவுக்கு வரும், ஒலியைத் தவிர வேறு உறவு இல்லை. ஜப்பானியத்தில் கிரி என்பது சமூக உறவுகளிலிருந்து எழும் கடப்பாடு.) பிற்காலத்தில் தோழிக்குத் தருவது, தனக்குத் தானே வாங்கிக்கொள்வது எனப் புதுப்புது வகைகள் கிளைத்தன. ஆனால் வாதத்துக்குரியதாய் நின்றது கிரி சாக்லேட் மட்டுமே.

இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் இரண்டு. எல்லாம் வணிகர் செய்த சூழ்ச்சி என்பது ஒன்று. எல்லாம் ஜப்பானியப் பண்பாட்டின் இயல்பு என்பது மற்றொன்று.

முதல் விளக்கத்துக்குச் சான்றுகள் மிகுதி. கோபே நகரின் மொரோசோஃப் நிறுவனம் 1936இல் ஆங்கில நாளிதழொன்றில் காதலர் நாள் விளம்பரம் கொடுத்தது. அது அங்கு வாழ்ந்த அயல்நாட்டாரை நோக்கியது. 1958இல் டோக்கியோவின் ஷின்ஜுக்கு இசெத்தான் பல்பொருள் அங்காடியில் மேரி சாக்லேட் நிறுவனம் காதலர் நாள் விற்பனை நடத்தியது. மூன்று நாளில் விற்றது 170 யென்னுக்கு மட்டுமே என்பது அந்நிறுவனமே பெருமையோடு சொல்லும் கதை. எதிர்க்கொடை நாளோ இன்னும் வெளிப்படையானது. நாடு தழுவிய மிட்டாய்த் தொழிற் கூட்டுறவு அமைப்பு 1978இல் முடிவுசெய்து, 1980 மார்ச் 14 அன்று முதன்முறையாக அதைக் கொண்டாடச் செய்தது. ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் பிறந்த நாள், தலைமுறைக்குள் மரபாகிவிட்டது.

ஆயினும் வணிகர் விரும்பியதெல்லாம் வழக்கமாகிவிடுவதில்லை. 1958இல் 170 யென் மட்டும் ஈட்டிய அதே சரக்கு, எழுபதுகளின் பிற்பகுதியில் ஏன் வேர்பிடித்தது என்பதை வணிகச் சூழ்ச்சி விளக்காது. விதைத்தவரைக் காட்டுவதோடு அது நின்றுவிடுகிறது. நிலத்தைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாம் விளக்கம் கல்விப்புலத்தாருக்கு நெருக்கமானது, அதனாலேயே இடர் மிகுந்தது. மாணவர் கட்டுரைகளில் அது வரும் வழி பழகியது. மார்செல் மோஸ் 1925இல் வகுத்த மூன்று கடப்பாடுகள், அதாவது கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல், முதற்பத்தியில் வரும். ரூத் பெனடிக்ட் 1946இல் வெளியிட்ட ‘செவ்வந்தியும் வாளும்’ அடுத்த பத்தியில் வரும். ஜப்பானியர் கடப்பாட்டால் கட்டுண்ட மக்கள், ஆகவே அவர்கள் சாக்லேட்டையும் கடப்பாடாக்கிக்கொண்டார்கள் என்று கட்டுரை முடியும். பெனடிக்ட் ஜப்பானுக்குச் சென்றவர் அல்லர். போர்க்காலத்தில் அமெரிக்க அரசுக்காக, அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியரிடமும் நூல்களிடமும் கேட்டறிந்து எழுதியவர். அதைக் குறையாகச் சொல்லும் பழக்கம் உண்டு. இங்கே குறை அவருடையது அன்று, அவரை மேற்கோள் காட்டுவோருடையது. திருப்பித் தீராத நன்றிக்கடனிலிருந்து கிரியை அவர் தெளிவாகப் பிரிக்கிறார். பெற்ற உதவிக்குச் சரிக்குச் சரியாகத் திருப்பித் தரவேண்டியது, அதற்குக் காலவரையறையும் உண்டு என்பதே கிரிக்கு அவர் தரும் இலக்கணம். அளவு தெரிந்த கடன், தீரக்கூடிய கடன்.

அந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜப்பானின் பழைய கொடைகளைப் பார்த்தால் அது பெரிதும் பொருந்துகிறது. இழவு வீட்டுக்குச் செல்பவர் ‘கோடென்’ என்னும் நறும்புகைக் காணிக்கையாக உறையில் பணம் வைத்துத் தருகிறார். தாள் புதியதாக இருத்தலாகாது. சாவை எதிர்பார்த்துப் புதுத்தாள் எடுத்துவைத்தது போலாகிவிடும். திருமணத்துக்கு நேர்மாறாகப் புதுத்தாள்தான் வேண்டும், அத்தொகையும் இரண்டாய் வகுபடாத எண்ணாக இருத்தல் நலம். உறையைச் சுற்றிய நாடாவின் முடிச்சிலும் இலக்கணம் உண்டு. மீண்டும் மீண்டும் நிகழ விரும்பும் மங்கலத்துக்கு அவிழ்க்கத்தக்க முடிச்சு. ஒரே முறை நிகழவேண்டிய திருமணத்துக்கும் சாவுக்கும் அவிழாத முடிச்சு. இழவு வீட்டார் ‘கோடென்ச்சோ’ என்னும் ஏட்டில் யார் எவ்வளவு தந்தார் என்று எழுதிவைப்பார்கள். மொய் ஏட்டை அறிந்த தமிழர்க்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை. பெற்றதில் ஏறத்தாழப் பாதி மதிப்புக்கு ஒரு பொருளைப் பின்னர் திருப்பி அனுப்புவது முறை. ‘ஹான்காயேஷி’, பாதித் திருப்பம் என்றே அதற்குப் பெயர். மீதிப் பாதி, தந்தவர் வீட்டில் சாவு நிகழும்போது தீரும்.

கோடைக்கால ‘ஓச்சூகெ’னும் ஆண்டிறுதி ‘ஓசெய்போ’வும் இன்னொரு வகை. ஆசிரியர்க்கும், திருமணம் கூட்டிவைத்தவர்க்கும், மேலதிகாரிக்கும் கீழிருந்து மேலே செல்லும் கொடைகள் இவை. பெற்றவர் திருப்பித் தரவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை; ஒரு நன்றிமடல் போதும். ஏன் போதும் என்றால், அந்தக் கொடையே ஒரு கைம்மாறு. கற்பித்தவருக்கும் பெண் பார்த்துத் தந்தவருக்கும் பட்ட கடனில் ஒரு தவணை அது. மேல்நோக்கிச் செல்லும் கொடை ஒவ்வொன்றும், மேலிருந்து முன்பே ஓர் உதவி இறங்கியது என்று சாட்சி சொல்கிறது. இந்தக் கொடைகளைத் தேர்ந்து, உறை எழுதி, அனுப்பிவைக்கும் உழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தரும் அலகு வீடு. செலவு வீட்டுப் பணம். கடன் இரு வீடுகளுக்கிடையே.

இனி அலுவலகத்துக்கு வருவோர், பிப்ரவரி 14 காலையில் மேசை மேசையாகச் சிறு பொட்டலம் வைத்துச் செல்லும் இளம்பெண்ணைப் பார்க்கவேண்டும். பொட்டலத்தோடு அவள் சொல்லும் மரபுச்சொல், எப்போதும் தங்கள் ஆதரவில் இருக்கிறேன் என்னும் பொருளுடையது. யார் ஆதரவில் யார்? எழுபது, எண்பதுகளின் ஜப்பானிய நிறுவனத்தில் ‘ஆபீஸ் லேடி’ எனப்பட்ட அவள் தேநீர் போட்டுத் தந்தாள், படியெடுத்தாள், தொலைபேசியை எடுத்தாள், விருந்தினரை வரவேற்றாள். அவளுக்குப் பதவி உயர்வு வழி இல்லை. திருமணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்க்கப்பட்டாள். அப்படி விலகச்சொல்லும் விதி செல்லாது என்று சுமித்தோமோ சிமென்ட் வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1966 டிசம்பரிலேயே தீர்ப்பளித்தும், எதிர்பார்ப்பு நெடுங்காலம் மறையவில்லை. சம வேலைவாய்ப்புச் சட்டம் நிறைவேறியது 1985இல். நடைமுறைக்கு வந்தது அடுத்த ஆண்டு ஏப்ரலில். கடமைச் சாக்லேட் பரவிய காலமும் இதுவே.

ஏடு ஒன்று வைத்து இருபக்கக் கணக்கை நேர்மையாக எழுதினால், அந்த அலுவலகத்தில் நன்றிக்கடன் பட்டவர்கள் ஆண்கள். தேநீர் குடித்தவர்கள் அவர்கள். கடமைச் சாக்லேட் அந்தக் கணக்கைத் தலைகீழாக எழுதியது. பணி செய்தவள் கடனாளி ஆனாள். பணியைப் பெற்றவன் கடன் கொடுத்தவன் ஆனான். கீழிருந்து மேலே செல்லும் கொடை, மேலிருந்து முன்பு இறங்கிய உதவிக்குச் சாட்சி என்ற பழைய இலக்கணம், இல்லாத உதவி ஒன்றை இருந்ததாகக் காட்டப் பயன்பட்டது. செலவும் வீட்டுப் பணம் அன்று. குறைந்த ஊதியத்திலிருந்து அவள் எடுத்த பணம். ஒரு பிரிவின் பெண்கள் சேர்ந்து பணம் போட்டு எல்லா ஆண்களுக்கும் வாங்குவது வழக்கமானதற்கு இந்தச் சுமையே காரணம்.

வெள்ளை நாள் இக்கணக்கை நேர்செய்ததே என்று கேட்கலாம். பெற்றதைப் போல் மூன்று மடங்கு திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சு எண்பதுகளின் செழிப்புக் காலத்தில் நகைப்பும் உண்மையுமாக உலவியது. பாதித் திருப்பம் முறையாக இருந்த நாட்டில் மும்மடங்கு என்ற பேச்சு எழுந்ததே, எதுவோ சரியில்லை என்று எல்லோரும் உள்ளூர உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. பல வீடுகளில் அந்த எதிர்க்கொடையைக் கடைக்குச் சென்று தேர்ந்து வாங்கிவந்தவள் மனைவி என்பது இன்னொரு சங்கதி.

இதுவரை சொன்னது பாதி உண்மை. மறுபாதியை யூக்கோ ஒகாசவாரா 1998இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். டோக்கியோவின் பெரிய வங்கியொன்றில் தற்காலிகப் பணியாளராக வேலைசெய்து அலுவலகப் பெண்களை நெருங்கிக் கண்டவர் அவர். காதலர் நாள் அங்கே ஒரு செல்வாக்கு வாக்கெடுப்பாக இருந்தது என்கிறார். எந்த மேலதிகாரிக்கு எத்தனை பொட்டலம் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்தது. கடுஞ்சொல் பேசுபவனும் வேலையை ஏவிவிட்டு நன்றி சொல்லாதவனும் அந்த நாளை அஞ்சினர். பதவி உயர்வு இல்லாதவளுக்கு இழக்கவும் அதிகம் இல்லை. ஆகவே ஆண்கள் துணியாததை அவள் துணியலாம். கொடாமையே அவள் கையிலிருந்த தீர்ப்பு.

இந்தப் படம் நுட்பமானது. ஆனால் ஆறுதலாகக் கொள்ளத் தக்கதன்று. ஊதியம் கேட்கவும் உயர்வு கேட்கவும் வாயில் இருந்தவர்க்குச் சாக்லேட்டால் பேசவேண்டிய தேவை இருந்திராது. ஆண்டுக்கு ஒருமுறை, இனிப்பின் அளவால், மேலதிகாரியைக் கூச்சப்படுத்த முடிந்தது என்பதை அதிகாரம் என்று அழைக்கலாம். அந்த அதிகாரம் அடுத்த நாள் காலை தேநீர்த் தட்டை இறக்கிவைக்க உதவவில்லை. ஒகாசவாராவும் இதை அறிந்தே எழுதுகிறார்: அப்பெண்களின் எதிர்ப்பே பெண்களைப் பற்றிய பழைய எண்ணத்தை உறுதிசெய்தது என்பதும் அவர் வாதத்தின் பகுதி.

காதலை இத்தனை தொலைவு ஒதுக்கிவைத்துப் பேசியது முறையன்று. அறுபதுகளின் பிற்பகுதியில்தான் ஜப்பானில் காதல் திருமணங்களின் எண்ணிக்கை பெரியோர் பார்த்து முடிக்கும் திருமணங்களை முந்தியது. பெண் தானே முன்வந்து மனத்தைச் சொல்லும் வழக்கமோ எளிதில் வந்துவிடவில்லை. ஆண்டில் ஒரு நாள் அதற்கு அனுமதி தந்தது. ஹொன்மெய் சாக்லேட்டின் உண்மையான வலிமை இதுவே. இங்கே கடமைச் சாக்லேட்டும் எதிர்பாராத ஒரு தொண்டு செய்தது. எல்லோருக்கும் சிறு பொட்டலம் கிடைக்கும் இடத்தில்தான் ஒருவனுக்கு மட்டும் கிடைத்த பெரிய பொட்டலம் பேசும். துணிவு இல்லாதவள் தன் விருப்பத்தைக் கடமைப் பொட்டலங்களுக்கிடையே ஒளித்தும் வைக்கலாம். மறுக்கப்பட்டால், அது எல்லோருக்கும் தந்ததுதானே என்று விலகிக்கொள்ளலாம். கடமையைக் காதலின் எதிரி என்று மட்டும் எழுதுவோர் இந்த மறைவிடத்தைக் காண்பதில்லை.

எதிரி என்ற அந்த எண்ணத்துக்கே நெடிய வரலாறு உண்டு. கிரி, நிஞ்ஜோ, அதாவது கடப்பாடும் மனித உணர்வும், என்னும் இணையைச் சிக்கமாத்சு மொன்சாயெமொனின் பாவைக்கூத்து நாடகங்களிலிருந்து எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் 1721இல் மேடையேறிய அவருடைய அமிஜிமா நாடகத்தில் கடப்பாடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வியப்பு மிஞ்சும். காகித வணிகன் ஜிஹெய் கணிகை கொஹாருவோடு உயிர்விடத் துணிகிறான். மனைவி ஒசான், அவனை விட்டுவிடும்படி கொஹாருவுக்கு மறைவாக மடல் எழுதுகிறாள். கொஹாரு இணங்கி, மனம் மாறியவள் போல் நடிக்கிறாள். அவள் தனித்துச் சாகப்போகிறாள் என்று உணர்ந்த கணத்தில், கணவனின் காதலியைக் காப்பாற்ற ஒசான் தன் உடைகளையும் குழந்தைகளின் உடைகளையும் அடகுக்காக மூட்டை கட்டுகிறாள். கூத்தின் மிகச் செறிந்த உணர்வு அங்கேதான் இருக்கிறது. ஒருவரையொருவர் பொறாமையோடு வெறுத்திருக்கக்கூடிய இரு பெண்களுக்கிடையே எழுந்த கிரி அது. ஒருத்தி தந்ததை மற்றவள் அறிந்தாள், அளவும் அறிந்தாள். சாக்லேட் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் அதே சொல்லுக்கு இவ்வளவு ஆழம் இருந்தது என்பதை நினைவில் வைத்தால், ஜப்பானியருக்குக் கடமை என்பது உணர்வற்ற சடங்கு என்று எழுத எழுதுகோல் தயங்கும்.

கொடை எந்தத் திசையில் செல்கிறது என்பதன் அரசியலை ஜப்பானிய அரசு அறியாமல் இல்லை. அரசியலர் தம் தொகுதி வாக்காளர்க்கு ஓச்சூகெனோ ஓசெய்போவோ அனுப்புவதைத் தேர்தல் சட்டம் தடைசெய்கிறது. மேலிருந்து இறங்கும் கொடை வாக்காகத் திரும்பும் என்ற அச்சமே காரணம். தொகுதி மக்களுக்கு முலாம்பழமும் நண்டும் அனுப்பியதாகவும், செயலர் வழியாக இழவு வீட்டுக்குக் காணிக்கை தந்ததாகவும் எழுந்த குற்றச்சாட்டின்மீது தொழில் அமைச்சர் இஸ்ஷு சுகவாரா 2019 அக்டோபரில் பதவி விலகினார். அரசு அலுவலர் பெறும் கொடைகளுக்கும் 2000 ஏப்ரல் முதல் அறவிதிச் சட்டம் உண்டு. ஒரு பழத்துக்காக அமைச்சர் நாற்காலி போகும் நாட்டில், அலுவலகத்தின் கடைநிலைப் பெண் தன் பணத்தில் மேலே அனுப்பிய இனிப்பு நாற்பது ஆண்டுகள் வெறும் ‘வழக்கம்’ என்றே இருந்தது.

கோடைவாவின் வேண்டுகோள் நிறுவனத் தலைவர்களிடம் சென்றதன் பொருள் இப்போது விளங்கும். அதை எழுதியவர்கள், தம்மையறியாமலேயே ஆகலாம், நிலைமையைச் சரியாக எழுதிவிட்டார்கள். தன் கடன் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாத இடத்தில், கடன் தீர்ந்தது என்று அறிவிக்கும் உரிமை பெறுபவனிடமே இருந்தது. கோடென் ஏட்டில் அப்படியில்லை. பாதியைத் திருப்பியவன் யாரிடமும் கேட்காமல் ஏட்டை மூடலாம். பல நிறுவனங்கள் கடமைச் சாக்லேட்டைத் தடைசெய்து சுற்றறிக்கை விட்டன. பெண்கள் பலர் அதை வரவேற்றார்கள், வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் கட்டளையால் நின்றதும் மேலிடத்தின் தயவாகவே வந்து சேர்ந்தது. அதற்கும் ஒரு நன்றி சொல்லவேண்டியிருந்தது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 14 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. டோக்கியோவில் பெருந்தொற்றுக்கால நெருக்கடிநிலை நடப்பில் இருந்தது. அலுவலகங்கள் பலவற்றில் பாதி இருக்கைகளுக்கு மேல் வெறுமையாயிருந்தன. சாக்லேட் கடைகளில் கூட்டம் குறையாத பகுதி, பெண்கள் தமக்கென்று வாங்கும் விலையுயர்ந்த பெட்டிகளின் பகுதி. மறுநாள் திங்கட்கிழமை, யார் மேசையில் எத்தனை பொட்டலம் என்று எண்ண அங்கே அதிகம் பேர் இல்லை.